கட்டுத்துவக்கும் மனச்சாட்சியும்

மனிதன் தன் கருவிகளைத் தன் தேவைக்கேற்ப மாற்றியமைத்துக்கொண்டே வந்துள்ளான். மன்னார்த் தீவின் பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ கடற்றொழில் செய்யும் ஒருவர் கடையில் வாங்கிய வலையை வாங்கியபடியே கடலில் இடுவதில்லை. மிதப்பையும் ஈயத்தையும் தம் கைப்பழக்கத்துக்கு ஏற்பக் கோத்த பின்னரே இடுகின்றார். பெருநிலப்பரப்பில் முருங்கனிலும் நானாட்டானிலும் வயல் செய்வோர் மண்வெட்டிப் பிடியைத் தத்தம் உயரத்துக்கு அளவாக அறுத்துக்கொள்கின்றனர். இவற்றை எவரும் அறவியற் பிரச்சினையாகக் கருதுவதில்லை. ஆயின் அதே மனிதர் ஒரு துவக்கைத் தம் வசதிக்கேற்ப மாற்றியமைக்க முற்படும்போது சட்டம் குறுக்கிடுகின்றது, அயலவர் அஞ்சுகின்றனர், மனச்சாட்சியும் ஏதோ சொல்ல முற்படுகின்றது. அது சொல்ல முற்படுவது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது மன்னார் மாவட்டத்திலும் அதனை அடுத்த வன்னிப் பகுதியிலும் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. ‘கட்டுத்துவக்கு’ என வழங்கப்படும் ஒன்று இங்கு நெடுங்காலமாக அறியப்பட்டதாகும். காட்டு மிருகம் செல்லும் தடத்தில் துவக்கொன்றைக் கட்டிவைத்துவிட்டு, கட்டியவர் வீடு சென்று உறங்குவார். தடத்தின் குறுக்கே கண்ணுக்குப் புலப்படாது செல்லும் கம்பியில் எதன் கால் படுகிறதோ அதனைத் துவக்கு சுடும். சாதாரண துவக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பொறிமுறையைப் பொறுத்தவரையில் மிகச் சிறியது. அறத்தைப் பொறுத்தவரையில் அவ்வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

சட்டத்தின் அளவுகோல்

முதலில் சட்டம் கூறுவதை நோக்குவோம். இலங்கையில் துவக்குகளை ஆளும் அடிப்படைச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டமாகும். துவக்கு என்றால் என்ன என்பதை அச்சட்டம் வரையறுக்கும் முறை சுவையானது. குறித்த தடிப்புடைய வைக்கோல் அட்டைகளை அரை அங்குல இடைவெளியில் வரிசையாக நிறுத்தி, முதலாவது அட்டையிலிருந்து 15 அடி தூரத்தில் வைத்துச் சுடும்போது, 11 அட்டைகளுக்கு மேல் துளைத்துச் செல்லத்தக்க விசையுடன் குண்டை வெளிவிடும் குழலுள்ள ஆயுதம் எதுவும் துவக்கேயாகும். அதன் உறுப்பொன்றும் அவ்வரையறைக்குள் அடங்கும். அதாவது, பட்டறையில் யார் செய்தது, என்ன பெயரால் அழைக்கப்படுகிறது, எதற்காகச் செய்யப்பட்டது என்பனவற்றைச் சட்டம் கேட்பதில்லை. எத்தனை அட்டையைத் துளைக்கும் என்று மட்டுமே கேட்கின்றது.

இச்சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கை வைத்திருத்தல் குற்றமாகும். செய்தலும் பழுதுபார்த்தலுங்கூட அனுமதிப்பத்திரம் பெற்றோருக்கே உரியன. எனவே உள்ளூர்க் கொல்லர் ஒருவர் குழாயொன்றைக் கொண்டு இடியன் துவக்குச் செய்து கொடுப்பதும், அதனை ஒருவர் கட்டுத்துவக்காக மாற்றுவதும், மாற்றியதைக் காட்டில் வைப்பதும் ஆகிய ஒவ்வொரு படியும் சட்டத்துக்குப் புறம்பானதே. 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. தானியங்கித் துவக்குகளைப் பொறுத்தவரையில் தண்டனை ஆயுட்காலச் சிறை வரை செல்லும்.

கடல் கடந்து நோக்கினாலும் சட்டம் அளவுகோலைக் கொண்டே பேசுவதைக் காணலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் துப்பாக்கியை மாற்றியமைத்தல் பொழுதுபோக்காகவே வளர்ந்துள்ளது. அங்கு 1934 ஆம் ஆண்டின் தேசியச் சுடுகலன் சட்டத்தின்படி 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலையுடைய றைபிள் தனிப் பதிவுக்கு உட்பட்டது. ஆனால் ‘ஏ.ஆர்.’ வகைக் கைத்துப்பாக்கியின் குழல் அதனினும் குறுகியதாயிருப்பினும், தோளில் ஊன்றும் பிடங்கு அதற்கு இல்லாதவரையில் அது கைத்துப்பாக்கியாகவே கொள்ளப்படும். பிடங்கைப் பொருத்திய கணத்தில் அதே பொருள் வேறொரு சட்டப் பிரிவுக்குள் புகுந்துவிடும். அவ்வாறாயின், முன்கையில் மாட்டிக்கொள்வதற்கென்று செய்யப்பட்ட தாங்கியைத் தோளில் ஊன்றிச் சுட்டால் அது என்ன? அத்தகைய பல துப்பாக்கிகள் றைபிள்களே என்று 2023 ஜனவரியில் ஒரு விதி ஆக்கப்பட்டது. 2024 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அவ்விதியை நீக்கியது. முதன்முறையாக ஒரு துப்பாக்கியை வாங்கி அதில் ஓர் உறுப்பை மாற்ற விரும்பும் இளைஞன், தான் குற்றவாளியா அல்லனா என்பதை அறிய அங்குலக்கோலையும் அரச வர்த்தமானியையும் ஒருங்கே வைத்திருக்க வேண்டியவனாயினான்.

சட்டத்தை எள்ளுதல் எமது நோக்கமன்று. சட்டம் மனிதரின் உள்ளத்துள் புகுந்து பார்க்க இயலாது. ஆகவே கண்ணாற் காணத்தக்க பொருளை அளக்கின்றது. அட்டையின் எண்ணிக்கையும் குழலின் நீளமும் பொதுமக்களுக்கு முற்கூட்டியே தெரியத்தக்க எல்லைகள். அத்தகைய எல்லை இல்லாவிடின் அதிகாரியின் விருப்பே சட்டமாகிவிடும். ஆயினும் 16 அங்குலக் குழல் நன்று, 15 அங்குலக் குழல் தீது என்று எந்த அறநூலும் கூறமாட்டாது. சட்டத்தின் எல்லை ஓராண்டில் இங்கும் மறு ஆண்டில் அங்கும் நகரும்போது அறமும் அதனுடன் நகர்வதில்லை. எனவே ஒரு மாற்றம் சட்டபூர்வமானதா என்ற வினாவுக்கு அப்பால், அது செய்யத்தக்கதா என்ற வினாவுக்குத் தனியான அளவுகோல் ஒன்று எமக்குத் தேவைப்படுகின்றது.

மாற்றங்கள் மூவகை

துவக்கொன்றில் செய்யப்படும் மாற்றங்களை அறவியல் நோக்கில் மூவகையாகப் பிரிக்கலாம் என்பது எமது கருத்து. முதலாவது வகை, சுடுபவரின் கவனத்தை மிகுவிப்பது. தவறுதலாக வெடிக்காதிருக்கப் பூட்டுப் பொருத்துதலும், இலக்கைத் தெளிவாகக் காண உதவும் குறிகாட்டியை இணைத்தலும் இவ்வகையின. இரண்டாவது வகை, துவக்கின் வலிமையை மிகுவிப்பது. விரைவாகச் சுடுதல், மறைத்து எடுத்துச் செல்லத்தக்கதாகக் குறுக்குதல் முதலியன இதன்பாற்படும். மூன்றாவது வகை, சுடுபவரையே நீக்கிவிடுவது. கட்டுத்துவக்கு இம்மூன்றாவது வகையைச் சார்ந்தது.

சட்டம் பெரும்பாலும் இரண்டாவது வகையையே அஞ்சுகின்றது. அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் அறவியல் நோக்கில் மூன்றாவது வகையே மிகக் கொடியது. வலிமை மிகுந்த துவக்கின் பின்னாலும் ஒரு மனிதன் நிற்கின்றான். அவன் தீயவனாயிருக்கலாம், ஆயினும் விசையை அழுத்துமுன் ஒரு கணம் அவனுக்கு உண்டு. எதிரே வருவது பன்றியன்று, விறகு சுமந்து வரும் பெண் என்று அவன் கண் காணலாம், கை தயங்கலாம், துவக்கு தாழலாம். கட்டுத்துவக்கில் அந்தக் கணம் அறுத்தெறியப்பட்டுள்ளது. குழலை அறுத்துக் குறுக்குபவன் இரும்பை அறுக்கின்றான். கட்டுத்துவக்கை அமைப்பவனோ செயலுக்கும் தீர்ப்புக்கும் இடையிலுள்ள பிணைப்பை அறுக்கின்றான்.

துவக்குக்கான அனுமதிப்பத்திரம் ஏன் ஓர் ஆளின் பெயரில் வழங்கப்படுகின்றது என்பதையும் இவ்விடத்தில் எண்ணிப்பார்க்கலாம். வயலுக்கு அனுமதிப்பத்திரம் இல்லை; வேலிக்கு இல்லை; துவக்கை வைத்திருக்கும் மனிதருக்கே உண்டு. அதனை அவர் ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். தீர்ப்பு என்பது மனிதரிடத்தே உறைவது என்ற உண்மையைச் சட்டம் தன்னையறியாமலே ஏற்றுக்கொண்டுள்ளது. அம்மனிதர் அகன்றபின் எஞ்சுவது அனுமதிக்கப்படத்தக்க பொருளன்று.

வயலின் பக்கத்து நியாயம்

எனினும் கட்டுத்துவக்கை அமைப்பவரைக் கொடியவர் என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. மன்னாரின் பெருநிலப்பரப்பு நெல் விளையும் பூமி. கட்டுக்கரைக்குளத்தின் நீரை நம்பிப் பல்லாயிரம் ஏக்கர் விளைகின்றது. அவ்வயல்களின் கிழக்கே மடுப் பக்கத்துக் காடும் தெற்கே முசலியைத் தாண்டி வில்பத்துக் காடும் உள்ளன. கதிர் முற்றிய வேளையில் பன்றிக் கூட்டம் ஒன்று புகுந்தால் ஓர் இரவிலேயே ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாய் அழிந்துவிடும். போர்க்காலத்தில் இங்கு துவக்கொன்றை வீட்டில் வைத்திருத்தலே உயிருக்கு ஆபத்தாயிருந்தது. இடம்பெயர்ந்தோரின் வயல்கள் ஆண்டுக்கணக்கில் கைவிடப்பட்டுப் பற்றைக்காடாயின. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபின் மீண்டு வந்தவர், கடன்பட்டு விதைத்த நெல்லைக் காக்க இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டியவராயினர். பகலில் உழைத்தவருக்கு இரவிலும் உறக்கம் இல்லை. தமக்காக விழித்திருக்கும் ஒரு பொறியை அவர் விரும்பியது விளங்கிக்கொள்ளத்தக்கதே.

கட்டுத்துவக்குகள் யாவும் பயிர் காக்கவே வைக்கப்படுகின்றன என்பதும் உண்மையன்று. இறைச்சிக்காகவும் விற்பனைக்காகவும் வைக்கப்படுவன பல. இருப்பினும், எமது வாதம் வலுவான எதிர்வாதத்தைச் சந்திக்க வேண்டும் என்பதால், பசித்த குடும்பத்தைக் காக்கும் வேளாளரையே எடுத்துக்கொள்வோம். அவர் சார்பில் மூன்று நியாயங்களைக் கூறலாம்.

முதலாவது, நோக்கம் பற்றியது. அவர் பன்றியைக் கொல்லவே எண்ணினார். மனிதர் எவரையும் எண்ணவில்லை. இதற்கு மறுமொழி எளிது. அவர் எண்ணியது பன்றியை. அவர் அமைத்ததோ காலை. கம்பிக்குப் பன்றியின் காலும் பிள்ளையின் காலும் ஒன்றே. நோக்கம் ஒன்றாயிருக்க, அந்நோக்கத்தைப் பிரித்தறியும் ஆற்றல் சற்றும் இல்லாத கருவியிடம் அதனை ஒப்படைத்தவர், ‘நான் நினைக்கவில்லை’ என்று கூறித் தப்ப இயலாது. நினைக்க வேண்டிய இடத்தில் நினைப்பதற்கு ஒருவரும் இல்லாதவாறு செய்தவர் அவரே.

இரண்டாவது, எச்சரிக்கை பற்றியது. அயலவருக்குச் சொல்லிவிட்டால், பலகை ஒன்றை நட்டுவிட்டால் பொறுப்புத் தீர்ந்துவிடாதா? மன்னாரின் காட்டோரங்களில் நடமாடுவோர் யார் என்பதை நோக்கினால் இதன் வலுவின்மை புலனாகும். விறகுக்கும் தேனுக்கும் செல்வோர், காணாமற்போன மாட்டைத் தேடிச் செல்வோர், மடு மாதா திருவிழாவுக்குக் காட்டுப்பாதையால் நடந்து வரும் யாத்திரிகர், 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு நெடுங்காலத்தின்பின் முசலிக்குத் திரும்பிப் பழைய ஒற்றையடிப் பாதையை நினைவில் வைத்து நடக்கும் முஸ்லிம் மக்கள் எனப் பலர். இவர்களுள் எத்தனை பேர் இருளில் அப்பலகையைக் காண்பர்? மேலும், கண்ணுக்குத் தெரியாதிருத்தலே கட்டுத்துவக்கின் பயன். உண்மையாகவே எல்லோரும் அறியுமாறு அதனை வைப்பவர் சட்டத்திடமும் அகப்படுவார். ஆகவே மறைவும் எச்சரிக்கையும் ஒருங்கே நிலவ முடியாதவை.

மூன்றாவது, எல்லாப் பொறிகளும் இத்தகையனவே என்பது. கடற்றொழிலாளி இரவில் வலையை விட்டுவிட்டு வரும்போது அவ்வலையும் ஆளின்றியே பிடிக்கின்றது. மன்னார் வளைகுடாவில் அருகிவரும் ஆவுளியாவும் அதில் அகப்படுவதுண்டு. அப்படியாயின் வலையும் குற்றமா? இது கவனிக்கத்தக்க வாதம். ஆளின்றி இயங்கும் எதுவும் ஓரளவு குருட்டுத்தன்மை உடையதே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆவுளியாவின் அழிவுக்கு வலையிட்டவரும் ஒரு பங்கு பொறுப்பேற்க வேண்டியவரே. ஆயின் வலை தவறு செய்யும்போது மனிதர் சாவதில்லை. பல வேளைகளில் அத்தவற்றைத் திருத்தவும் இயலும். கருவி குருடாக இருக்கத்தக்க அளவு, அது விளைக்கும் தீங்கின் அளவைப் பொறுத்தது. மீளாத தீங்கைச் செய்யவல்ல கருவி சிறிதளவும் குருடாயிருத்தல் ஆகாது.

இருநூறு ஆண்டு வழக்கு

இப்பிரச்சினையை முதன்முதலாக எதிர்கொண்டோர் நாமல்லர். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நிலவுடைமையாளர் தமது வேட்டைக்காடுகளில் ‘பொறித்துவக்கு’களை வைத்தனர். அங்கே நிலைமை எமது நிலைமைக்கு நேர்மாறானது. பசித்த ஏழை முயலைத் திருடாதிருக்கச் செல்வர் அவற்றை அமைத்தனர். 1820 ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஒன்று, துவக்கு உண்டு என்பதை அறிந்திருந்தும் உட்புகுந்து காயமடைந்தவர் நட்டஈடு கோர முடியாது எனத் தீர்த்தது. பொதுமக்களிடையே எழுந்த வெறுப்பின் பயனாக 1827 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் அவற்றைத் தடைசெய்தது. இரவில் வசிப்பிடத்தினுள் வைத்தற்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது.

1828 ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட பேர்ட் எதிர் ஹோல்புறூக் என்னும் வழக்கு, தடைச்சட்டம் வருமுன் நிகழ்ந்த ஒரு சம்பவம் பற்றியது. பிறிஸ்ரல் நகரருகே ஒருவர் விலையுயர்ந்த ரியூலிப் மலர்களை வளர்த்துவந்தார். மலர்கள் திருடப்பட்டமையால் தோட்டத்தில் பொறித்துவக்கை வைத்தார். திருடன் அகப்பட வேண்டும் என்பதற்காக அறிவித்தல் பலகை நட மறுத்தார். அகப்பட்டவனோ திருடன் அல்லன். அயல்வீட்டிலிருந்து பறந்துவந்த மயிற்பேட்டைப் பிடித்துக் கொடுக்க மதிலேறிய ஓர் இளைஞன். பட்டப்பகலில் உதவி செய்ய வந்தவனின் முழங்காலைத் துவக்கு சிதைத்தது. நீதிமன்றம் அவனுக்கு நட்டஈடு வழங்கியது.

1971 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா மாநில உயர்நீதிமன்றம் தீர்த்த கற்கோ எதிர் பிறைனி வழக்கு இன்னும் ஆழமானது. ஆளில்லாத பண்ணை வீடொன்றில் பலமுறை திருட்டுப் போயிற்று. சினமுற்ற உரிமையாளர் படுக்கையறைக் கதவுடன் துவக்கைப் பிணைத்தார். முதலில் வயிற்றைக் குறிவைத்தார். மனைவி கூறியதன்மேல் கால்மட்டத்துக்குத் தாழ்த்தினார். 1967 ஜூலையில் பழம்போத்தல்கள் எடுக்கப் புகுந்தவரின் கால் சிதைந்தது. இம்முறை அகப்பட்டவர் உண்மையாகவே அத்துமீறி நுழைந்தவர். அவ்வாறிருந்தும் 30,000 டொலர் அவருக்குத் தீர்ப்பாயிற்று. தாம் நேரில் நின்றிருந்தால் எதைச் செய்ய உரிமை இல்லையோ, அதைப் பொறியைக் கொண்டு செய்யவும் உரிமை இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். எமது 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும் தனியார் தற்காப்புரிமையைத் தேவைக்கு மேற்பட்ட தீங்குக்கு நீட்டிப்பதில்லை. ‘தேவை எவ்வளவு’ என்பதை அவ்விடத்தில் நின்று அளக்க ஒருவர் வேண்டும். கம்பி அளக்கமாட்டாது.

இவ்வழக்கில் மனைவி கூறியதையும், கணவர் குழலைத் தாழ்த்தியதையும் மீண்டும் எண்ணிப்பார்க்க வேண்டும். அவர்கள் முற்றிலும் இரக்கமற்றவர் அல்லர். துவக்கின் அருகே மனிதர் இருந்த வேளையில் இரக்கமும் அங்கே இருந்தது. அவர்கள் கதவைச் சாத்திவிட்டு அகன்றபோது இரக்கமும் அவர்களுடன் அகன்றது.

ஆராய்தலும் நீதியும்

தமிழ் மரபு நீதியை ஆராய்தலினின்றும் பிரித்ததில்லை. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கோவலனை ஆராயாது கொல்வித்தான். அவன் குற்றம் ஆராய்வதற்குரிய கணம் இருந்தும் அதனைக் கைவிட்டமை. உண்மை வெளிப்பட்டபோது அவன் தன் தவற்றை ஏற்று அரியணையிலேயே உயிர்துறந்தான். அதாவது, தவறான தீர்ப்பின் பின்னாலும் பொறுப்பேற்க ஒரு மனிதன் இருந்தான். தேர்க்காலில் கன்று அகப்பட்டபோது மனுநீதிச் சோழன் தன் மைந்தனைப் பொறுப்பாளியாக்கிய கதையும் இத்தகையதே. மைந்தன் கன்றைக் கொல்ல எண்ணியதில்லை. எனினும் தேரில் இருந்தவன் அவன். கட்டுத்துவக்கு வெடிக்கும்போது தேரில் எவரும் இல்லை. மறுநாள் ஊரே கூடி ஒருவரையொருவர் பார்க்கும்போது ‘வைத்தவன் நான்’ என்று முன்வருவோர் அரியர். மரபு கண்ட இரு தவறுகளிலும் இல்லாத புதுத் தவறு இது. ஆராய்தலும் இல்லை, பொறுப்பேற்றலும் இல்லை.

கிரேக்க அறிஞர் அரிஸ்ரோட்டில் தமது அறவியல் நூலின் ஐந்தாம் பகுதியில், சட்டம் பொதுவானது, நிகழ்வோ தனித்தன்மையுடையது என்பதால் இரண்டையும் இசைவிக்கும் ஒப்புரவு நீதி தேவை என்கின்றார். லெஸ்பொஸ் தீவின் கட்டடக் கலைஞர் பயன்படுத்திய ஈயக் கோல் கல்லின் வடிவுக்கு ஏற்ப வளைவதை அவர் உவமையாகக் காட்டுகின்றார். கட்டுத்துவக்கு என்பது வளையாத சட்டம். ‘இத்தடத்தில் கால் வைப்பது எதுவாயினும் சாக’ என்பதே அச்சட்டத்தின் ஒரே வாசகம். எத்துணைக் கொடிய அரசும் இத்துணைச் சுருக்கமான சட்டத்தை இயற்றியதில்லை எனலாம். அதனை இயற்றுபவர் எம்மூரின் சாதாரண வேளாளர் என்பதே வேதனைக்குரியது.

சிறு பொறியும் பெரும் பொறியும்

இவ்வளவு சிறிய விடயத்தை இத்துணை விரித்துரைப்பது தேவையா என வினவலாம். மன்னார் மண்ணில் வாழ்வோர் அவ்வாறு வினவமாட்டார். கட்டுத்துவக்கின் உடன்பிறப்பாகிய மிதிவெடியை அவர் அறிவர். போரின் பின்னர் மாந்தை மேற்கின் வயல்களுக்கு மக்கள் திரும்புமுன் அங்குல அங்குலமாக மண்ணைச் சோதிக்க வேண்டியிருந்தது. படையினன் எவனும் அங்கு நிற்கவில்லை, போரும் முடிந்துவிட்டது, எனினும் வெடி காத்திருந்தது. 1997 ஆம் ஆண்டின் ஒட்டாவா உடன்படிக்கை, மனிதரின் இருப்போ நெருக்கமோ தொடுகையோ வெடிக்கச் செய்யுமாறு அமைந்த வெடியையே ஆளெதிர் மிதிவெடி என வரையறுக்கின்றது. இலங்கை 2017 டிசம்பரில் அதில் இணைந்தது. மிதிவெடியை வெறுக்கும் நாம் கட்டுத்துவக்கைப் பழக்கத்தின் காரணமாகப் பொறுத்துக்கொள்வது முரண்பாடாகும். இரண்டிலும் விசையை அழுத்துபவர் பலியாகுபவரே.

இனி எதிர்காலத்தையும் நோக்கலாம். தானே இலக்கைத் தெரிந்து தானே சுடும் படைக்கலங்களைப் பற்றி 2014 ஆம் ஆண்டு முதல் ஜெனீவாவில் நாடுகள் பேசிவருகின்றன. 2023 டிசம்பரில் 152 நாடுகளின் ஆதரவுடன் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இது பற்றித் தீர்மானமொன்றை நிறைவேற்றியது. அவற்றுக்குக் கண்ணும் கணினியும் உண்டு. கட்டுத்துவக்குக்குக் கம்பி மட்டுமே உண்டு. ஆயினும் அடிப்படை வினா ஒன்றே. உயிரைப் பறிக்கும் தீர்ப்பை, அத்தீர்ப்புக்காக வருந்த இயலாத ஒன்றிடம் ஒப்படைக்கலாமா? வல்லரசுகளின் ஆய்வுகூடத்தில் எழும் இவ்வினா எமது காட்டோரத்தில் ஏற்கெனவே எழுந்துவிட்டது. அதனால் இதற்கு விடைகாணும் தகுதியும் எமக்கு உண்டு.

செய்யத்தக்கது யாது?

அறத்தைக் கூறிவிட்டு வயலைப் பன்றிக்கு விட்டுவிடுவது பல்கலைக்கழகத்தாருக்கு எளிது. அவ்வெளிமையை நாம் தவிர்க்க வேண்டும். கட்டுத்துவக்கு நீங்கவேண்டுமாயின் அது செய்துவந்த வேலையை வேறொன்று செய்ய வேண்டும். பரணமைத்து முறைவைத்துக் காவல் காக்கும் பழைய கூட்டுமுறை அவற்றுள் ஒன்று. ஒரு குடும்பத்தால் ஆகாதது பத்துக் குடும்பத்தால் ஆகும். உறுதியான வேலிக்குக் கமக்காரர் அமைப்புகளும் அரசும் உதவ வேண்டும். பயிர்காப்புக்கான துவக்கு அனுமதிப்பத்திரத்தை உண்மையாகவே தேவையுடையவர், நீண்ட அலைச்சலின்றி, உரிய விசாரணையின் பின் பெறக்கூடியதாயிருக்க வேண்டும். நேர்வழி அடைக்கப்பட்ட இடத்தில் கொல்லனின் பட்டறை திறக்கும். காட்டு விலங்கால் ஏற்படும் பயிரழிவுக்கு நியாயமான இழப்பீடு கிடைக்குமாயின் இரவின் அச்சம் பாதியாகக் குறையும்.

அதேவேளை மாற்றுவழி என்ற பெயரில் அதே தவற்றை வேறு வடிவில் செய்யாதிருத்தலும் வேண்டும். மின்கம்பியிலிருந்து நேரே மின்சாரத்தை இழுத்து வேலிக்குப் பாய்ச்சுவதும், உணவுள் வெடிமருந்தைப் பொதிந்த ‘ஹக்கப்பட்டாஸ்’ வைப்பதும் இந்நாட்டில் யானைகளைக் கொன்றுவருகின்றன. பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்து வாய் சிதைந்து, உண்ண இயலாது பல நாள் அலைந்து மடியும் யானைக்கன்றுக்கு எந்த நோக்கத்தை எடுத்துரைத்து மன்னிப்புக் கேட்பது?

சட்டம் கட்டுத்துவக்கைத் தடுத்துள்ளது. ஆயினும் அது இன்னும் நீங்கவில்லை. காரணம், ஊர் அதனைச் சட்டக் குற்றமாக மட்டும் காண்கின்றது. பொலிசார் வராதவரை குற்றமும் இல்லை என எண்ணுகின்றது. அதனை அறக்குற்றமாகக் காணத் தொடங்கும் நாளிலேயே அது நீங்கும். கட்டுத்துவக்குக் காயங்கள் பெரும்பாலும் காலில் ஏற்படுவன. உயிர் தப்பினாலும் உழைத்து உண்பவரின் உழைப்பு அங்கேயே முடிந்துவிடுகின்றது. வைத்தவரே மறந்து மிதித்த சம்பவங்களும் உண்டு. தன்னை வைத்தவரைக்கூட அறியாத ஒன்றைக் காவலாள் எனக் கொள்வது எவ்வாறு?

எனவே கருவியை மாற்றியமைக்க விழையும் எவரும் அதன் நீளத்தையும் வலிமையையும் அளப்பதோடு நிற்கலாகாது. ‘இம்மாற்றத்தின் பின்னரும், நான் பிழையென்று கண்டால் நிறுத்தக்கூடிய இடத்தில் நிற்பேனா?’ என்று ஒரு வினாவைத் தம்மிடமே எழுப்ப வேண்டும். நிற்பேன் என்றால் அடுத்து அவர் சட்டத்தைக் கேட்கலாம். நிற்கமாட்டேன் என்றால் சட்டத்தைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. அதற்கு முன்னரே விடை கிடைத்துவிட்டது. உயிரைப் பறிக்கவல்ல கருவியின் அருகே மனிதன் விழித்திருக்க வேண்டும். அவன் உறங்க விரும்பினால் கருவியையும் உறங்கவைத்துவிட்டே உறங்க வேண்டும்.